இரண்டு மீட்டர் வால்: சேற்று மோட்டாரின் கட்டமைப்பு

சேற்று மோட்டார் என்பது, காற்றால் குளிரும் சிறிய எஞ்சின் ஒன்றைப் படகின் பின்பலகையில் ஏற்றி, அதன் சுழற்சியை ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள தண்டின் வழியாகப் படகுக்குப் பின்னால் நீரில் கிடக்கும் விசிறிக்குக் கொண்டுசெல்லும் உந்துகருவியாகும். புரொப்பெல்லர் என்று பரவலாக வழங்கும் அந்த உந்துவிசிறி, வழக்கமான மோட்டார்களில் படகின் அடியில் ஆழமாக நிற்க, இக்கருவியிலோ நீர்மட்டத்தை ஒட்டிப் பின்னால் இழுபட்டுவருவதால், முழங்காலளவு நீரிலும், நீர் பாதி சேறு பாதியாகக் கிடக்கும் சதுப்பிலும், பாசியும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த வாய்க்காலிலும் படகு நகர முடிகிறது. எஞ்சினும் கடையில் கிடைக்கிறது, விசிறியும் கடையில் கிடைக்கிறது. வீட்டிலோ ஊர்ப் பட்டறையிலோ இக்கருவியைக் கட்டுபவர் தம் கையால் உருவாக்க வேண்டியது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வாலை மட்டுமே. அந்த வாலில்தான் இக்கருவியின் பொறியியல் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதும், கட்டியவை பழுதாவதும் பெரும்பாலும் அங்கேதான் என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்து.

சேற்றில் வழக்கமான மோட்டார் ஏன் நின்றுவிடுகிறது

அவுட்போர்டு என்று மீனவர்கள் வழங்கும் வெளிப்பொருத்து மோட்டாரில் எஞ்சின் மேலே இருக்க, அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டு, நீருக்குள் உள்ள பற்சக்கரப் பெட்டியில் திசை திரும்பி விசிறியைச் சுழற்றுகிறது. இவ்வமைப்பு ஆழமான நீருக்கு மிகப் பொருத்தமானது என்றாலும், அதன் இரண்டு இயல்புகள் சேற்றில் பகையாகிவிடுகின்றன. முதலாவது, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரை அது ஓடும் இடத்திலிருந்தே உறிஞ்சுகிறது. அடிப்பகுதியிலுள்ள சிறு துளைகள் வழியே சேறும் மணலும் புகுந்தால், ரப்பர் இதழ்களால் ஆன பம்ப் சக்கரம் தேய்ந்துபோய், நீரோட்டம் குன்றி, எஞ்சின் சூடேறிவிடுகிறது. இரண்டாவது, பற்சக்கரப் பெட்டியும் விசிறியும் படகின் அடிமட்டத்திற்குக் கீழே நிலையாகத் தொங்குவதால், கால் மீட்டர் ஆழமே உள்ள நீரில் அவை தரையில் உராய்கின்றன, வேரிலோ கட்டையிலோ மோதுகின்றன, கொடிகளைச் சுற்றிக்கொள்கின்றன.

சேற்று மோட்டார் இவ்விரண்டு சிக்கல்களையும் தீர்ப்பதற்குப் பதிலாகத் தவிர்த்துவிடுகிறது. எஞ்சினைச் சுற்றியுள்ள உலோகச் செதில்களின் மேல் காற்று வீசிக் குளிர்விப்பதால் நீரை உறிஞ்ச வேண்டிய தேவையே எழுவதில்லை. பற்சக்கரப் பெட்டி இல்லாததால் அது உடையும் வாய்ப்பும் இல்லை. வால் முழுவதும் ஒரு மூட்டின் மேல் தராசுக்கோல்போல் ஏறி இறங்குவதால், விசிறி எவ்வளவு ஆழத்தில் சுழல வேண்டும் என்பதை ஓட்டுபவரின் கை ஒவ்வொரு நொடியும் தீர்மானிக்கிறது. இதற்கு ஈடாக அது இழப்பனவும் உண்டு: பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது, ஓசை மிகுதி, ஆழ்ந்த நீரில் திறன் குறைவு. எனவே இது எங்கும் பொருந்தும் மோட்டார் அன்று. நீருக்கும் நிலத்துக்கும் எல்லை தெளிவாக இல்லாத இடங்களுக்கென்றே பிறந்த மோட்டார்.

ஈரநிலங்கள் பல, விடை ஒன்று

அத்தகைய இடங்கள் உலகின் பல பகுதிகளில் இருப்பதால், இக்கருவிக்கும் பல பெயர்களும் பல வரலாறுகளும் உள்ளன. தாய்லாந்தில் அது பொருத்தப்பட்ட படகு 'ருவா ஹாங் யாவ்', அதாவது நீள்வால் படகு என்று அழைக்கப்படுகிறது. பாங்காக்கின் கால்வாய்களிலும் அந்தமான் கடலோரத்திலும் சுற்றுலாப் பயணிகள் ஏறிச் செல்வது அதில்தான். வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் அந்த எஞ்சினுக்கு 'மாய் துவோய் தோம்' என்று பெயர். 'இறால்வால் எஞ்சின்' என்பது அதன் பொருள். எஞ்சினிலிருந்து பின்னோக்கிச் சரிந்து நீளும் தண்டைக் கண்டவர்களுக்கு இறாலின் வால் நினைவுக்கு வந்தது இயல்பே.

மேகாங் கழிமுகத்தின் இறால்வால் எஞ்சின், 1960-களில் இறக்குமதியான சிறு அமெரிக்கப் பெட்ரோல் எஞ்சின்களோடு பரவியது. அக்கழிமுகத்தின் சுற்றுச்சூழல் வரலாற்றை 'குவாக்மயர்' என்னும் நூலில் 2010-இல் எழுதிய டேவிட் பிக்ஸ், போரின் பேரியந்திரங்களுக்கு நடுவே உழவர்களின் அன்றாட வாழ்வை மாற்றிய இத்தகைய சிற்றியந்திரங்களைத் தனியே ஆராய்ந்திருக்கிறார். பொருளியலாளர் ராபர்ட் சான்சம் 1969-இல் வெளியிட்ட ஆய்வொன்று மேலும் சுவையான ஒரு திருப்பத்தைப் பதிவுசெய்கிறது: 1960-களின் தொடக்கத்தில் அப்பகுதி உழவர் ஒருவர், படகின் வாலையும் விசிறியையும் ஒரு தகரக் குழாய்க்குள் அடைத்து, வாய்க்கால் நீரை வயலுக்கு ஏற்றும் பம்பாக மாற்ற, அந்த உத்தி எந்த அரசுத் திட்டத்தின் துணையுமின்றிச் சில ஆண்டுகளில் பரவிவிட்டது. பிலிப்பைன்ஸில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. நீரிறைக்கும் எஞ்சின்கள் அங்கே படகுகளில் ஏறியதால் அப்படகுகளுக்கே 'பம்ப் போட்' என்ற பெயர் நிலைத்தது. படகிலிருந்து பம்புக்கும் பம்பிலிருந்து படகுக்கும் இவ்வளவு எளிதாகத் தாவ முடிவதற்குக் காரணம், எஞ்சின் எதற்கும் உரியதாக இல்லாமல் பொதுவாக இருப்பதும், அதன் பயனை அதனோடு சேர்க்கும் வாலே முடிவுசெய்வதும்தான்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கழிமுகச் சதுப்புகளில் வாத்து வேட்டைக்குச் செல்வோரிடையே இக்கருவி 'மட் மோட்டார்' என்ற பெயரில் வேரூன்றியது. பேட்டன் ரூஷ் நகரில் வாரன் கோகோ 1977-இல் தொடங்கிய கோ-டெவில் நிறுவனம் அதை அங்கே விற்பனைப் பொருளாக்கியது. அந்த நாட்டில்தான் பின்னாளில் வாலைக் குறுக்கி, பெல்ட்டின் மூலம் சுழற்சியைக் குறைத்து, பெரிய விசிறியை நீர்ப்பரப்பிலேயே ஓடவிடும் 'சர்ஃபேஸ் டிரைவ்' என்ற குறுவால் வகையும் வளர்ந்தது.

தமிழகக் கடலோரத்திற்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் துறைமுகம் இல்லாத ஊர்களில், அலை உடையும் மணற்கரையிலேயே படகை ஏற்றி இறக்க வேண்டியிருப்பதால், கரையை நெருங்கும் வேளையில் விசிறியைத் தூக்கிவிடக்கூடிய அமைப்பு அங்கே இன்றியமையாதது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979-இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், எஞ்சினும் தண்டும் விசிறியும் ஒரே அலகாகச் சாயும் 'பாப் டிரைவ்' என்ற அமைப்பைக் கரையேறும் படகுகளுக்காக உருவாக்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பெருகிய கண்ணாடியிழைப் படகுகளில், மீனவர்கள் 'லாங் டெயில்' என்றே அழைக்கும் நீள்வால் டீசல் எஞ்சின் இன்று பழகிய காட்சி. அங்கே தடையாக நிற்பது சேறன்று, மணலும் அலையும். ஆனால் தேவைப்பட்ட விடை அதே வால்.

நீளமும் கோணமும்

வாலின் வடிவமைப்பை ஓர் எடுத்துக்காட்டின் மேல் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். இருவர் ஏறும் 4.2 மீட்டர் நீளத் தட்டையடிப் படகு ஒன்றையும், ஹோண்டா ஜி.எக்ஸ். 200 போன்ற 196 சி.சி. எஞ்சினையும் எடுத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 3,600 சுற்றில் ஏறத்தாழ 5.5 குதிரைத்திறன் தரும் இந்த எஞ்சின், நீரிறைக்கும் பம்ப்களிலும் ஜெனரேட்டர்களிலும் காணப்படும் வகையைச் சேர்ந்தது. எடை 16 கிலோ அளவு.

எஞ்சினின் சுழல்தண்டு நீர்மட்டத்திற்கு 40 சென்டிமீட்டர் மேலேயும், விசிறியின் மையம் 15 சென்டிமீட்டர் கீழேயும் அமைவதாகக் கொண்டால், வால் கடக்க வேண்டிய உயர வேறுபாடு 55 சென்டிமீட்டர். இதை 30 பாகை சாய்வில் கடந்தால் 1.1 மீட்டர் தண்டே போதும். 17 பாகை சாய்வில் கடக்க 1.9 மீட்டர் வேண்டும். இரும்பு மிச்சமாகும் என்பதற்காக முதல் வழியைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு இடர்களை விலைக்கு வாங்குகிறார். விசிறியின் தள்ளுவிசை தண்டின் திசையிலேயே செயல்படுவதால், 30 பாகையில் அவ்விசையின் பாதிக்குச் சமமான கூறு படகின் பின்புறத்தை மேலே தூக்கி முன்புறத்தை நீரில் அழுத்துகிறது; 17 பாகையில் அந்தக் கூறு மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைந்து, முன்னோக்கிய கூறு 95 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்கிறது. இரண்டாவது இடர் எஞ்சினுக்குள் இருக்கிறது. தண்டும் எஞ்சினும் நேர்க்கோட்டில் இணைவதால் தண்டு எவ்வளவு சாய்கிறதோ எஞ்சினும் அவ்வளவே சாய்கிறது. இவ்வகை எஞ்சினிலோ, ஆயிலைத் தெறிக்கவிட்டு உராய்வுப் பகுதிகளை நனைக்கும் முறையே உள்ளதால், 20 பாகைக்கு மேல் சாய்ந்தபடி தொடர்ந்து ஓடினால் ஆயில் எட்டாத பகுதிகள் காய்ந்து தேய்ந்துவிடும். ஆகவே வாலின் நீளம் அழகுக்காகவோ பழக்கத்திற்காகவோ வந்ததன்று. தள்ளுவிசையும் ஆயிலும் சேர்ந்து விதித்த அளவு அது.

முறுக்கு தாங்கும் தண்டு துள்ளலைத் தாங்குமா

தண்டின் தடிமனை முடிவுசெய்யும்போது பலரும் முதலில் எண்ணுவது, எஞ்சினின் முறுக்கு விசையில் அது முறிந்துவிடுமோ என்பதே. கணக்கிட்டுப் பார்த்தால் அந்த அச்சத்திற்கு இடமில்லை. 5.5 குதிரைத்திறனை 3,600 சுற்றில் கடத்தும் தண்டின் மேல் விழும் முறுக்கு 11 நியூட்டன் மீட்டர் அளவே. 12 மில்லிமீட்டர் எஃகுக் கம்பிகூட அதை எளிதாகத் தாங்கிவிடும். தண்டை அழிப்பது முறுக்கு அன்று, துள்ளல்.

எந்த நீண்ட தண்டும் தன் எடையால் சிறிதளவாவது வளைந்திருக்கும், கடைசல் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் மையம் மயிரிழை விலகியிருக்கும். அத்தகைய தண்டு மெதுவாகச் சுழலும்போது இது வெளியே தெரியாது; சுழற்சி ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டும்போது, தண்டின் இயல்பான அதிர்வும் சுழற்சியும் ஒத்திசைந்து, குழந்தைகள் இருவர் சுழற்றும் தாண்டுகயிறுபோல் தண்டின் நடுப்பகுதி வில்லாக வளைந்து சுழலத் தொடங்குகிறது. பொறியாளர்கள் இதைத் தண்டின் மாறுநிலை வேகம் என்பர். அந்த வேகத்தில் சில நொடிகள் நீடித்தாலே தண்டு தன்னைச் சூழ்ந்த வெளிக்குழாயின் சுவரில் அறைந்து, பேரிங்குகள் எனப்படும் தாங்கிகளை உடைத்து, நிலையாகவே வளைந்துவிடக்கூடும்.

இருமுனையிலும் மட்டும் தாங்கப்பட்ட எஃகுத் தண்டின் மாறுநிலை வேகம், அதன் விட்டத்தோடு நேர்விகிதத்திலும் தாங்கிகளுக்கிடையே உள்ள நீளத்தின் வர்க்கத்தோடு எதிர்விகிதத்திலும் மாறுகிறது. 20 மில்லிமீட்டர் தண்டு 1.9 மீட்டர் நீளத்திற்கு நடுவே தாங்கல் இல்லாமல் கிடந்தால் அவ்வேகம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 670 சுற்று மட்டுமே. எஞ்சின் வேலை செய்யத் தொடங்குமுன்பே தண்டு துள்ளிவிடும் என்பது இதன் பொருள். நடுவில் ஒரு தாங்கி வைத்தால் நிலைமை சீராகும் என்று தோன்றினாலும், அப்போது மாறுநிலை வேகம் ஏறத்தாழ 2,700 சுற்றுக்கு நகர்ந்து, ஓட்டுபவர் பெரும்பொழுதைக் கழிக்கும் வேகத்தின் மேலேயே வந்து அமர்ந்துகொள்கிறது. இரண்டு இடைத் தாங்கிகள் வைத்துத் தண்டை மூன்று சம பகுதிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு பகுதியும் 63 சென்டிமீட்டராகி, மாறுநிலை வேகம் 6,000 சுற்றளவுக்கு உயர்ந்து, எஞ்சினுக்கு எட்டாத தூரத்திற்குச் சென்றுவிடுகிறது. நீளத்தின் வர்க்கம் என்பதன் பொருள் இங்கேதான் கைக்கு வருகிறது: தாங்கிகளின் இடைவெளியைப் பாதியாக்கினால் பாதுகாப்பு நான்கு மடங்காகிறது.

திண்மத் தண்டுக்குப் பதிலாகக் குழாயையே தண்டாகப் பயன்படுத்துவது இன்னொரு வழி. 30 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 24 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட எஃகுக் குழாய், 20 மில்லிமீட்டர் திண்மத் தண்டைவிட எடை குறைந்தது, ஆனால் அதன் மாறுநிலை வேகமோ அதே நீளத்திற்கு ஏறத்தாழ இருமடங்கு. ஆனாலும் நேராக உள்ள குழாயைத் தேடிப் பிடிப்பதும், அதன் இரு முனைகளிலும் மையம் பிசகாமல் கடைந்த முளைகளைப் பற்றவைப்பதும் தேர்ந்த லேத் பட்டறைக்குரிய வேலை என்பதால், முதன்முறை கட்டுபவர்களுக்குத் திண்மத் தண்டும் இரண்டு இடைத் தாங்கிகளுமே நம்பகமான வழி.

குழாய், பேரிங், சீல்

சுழலும் தண்டைத் தாங்கும் வெளிக்குழாய்க்கு ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய் வழக்கமாகப் போதும். அதில் மிகக் கவனம் வேண்டியது பற்றவைப்பு. வெல்டிங்கின் சூட்டில் உலோகம் உருகிக் குளிரும்போது சுருங்குவதால், ஒரே பக்கமாகப் பற்றவைத்த குழாய் அப்பக்கமாக வளைந்துவிடுகிறது. ஆகையால் எதிரெதிர்ப் பக்கங்களில் சிறு சிறு பொட்டுகளாக முதலில் பிடிக்கவைத்து, ஆறவிட்டு, மாற்றி மாற்றி நிறைவுசெய்து, தாங்கிகளுக்கான இருக்கைகளை வெல்டிங் முடிந்த பின்னரே கடைய வேண்டும். தண்டைப் பொருத்துமுன், அதை இரு தாங்குகட்டைகளின் மேல் வைத்துக் கையால் உருட்டி, டயல் கேஜின் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது பட்டறைக்காரர்களின் வழக்கம். அரை மணி நேரம் பிடிக்கும் இந்தச் சோதனை பின்னாளில் பல நாள் வேலையை மிச்சப்படுத்துகிறது.

தாங்கிகள் மூன்று வகையான பணிகளைச் செய்கின்றன. இடைத் தாங்கிகள் தண்டை மையத்தில் வைத்திருப்பதோடு அவற்றின் பணி முடிகிறது. கிரீஸ் நிறைந்த குழாய்க்குள் வெண்கலப் புஷ்களே இதற்குப் போதுமானவை. நைலான் புஷ் மலிவானது, ஆனால் நீரை உறிஞ்சி உப்பும் இயல்புடையதால், இடைவெளி கொடுக்காமல் கடைந்த நைலான் சில நாட்களில் தண்டை இறுக்கிப் பிடித்துவிடும். விசிறியை ஒட்டிய கீழ்முனைத் தாங்கிக்கு மணலோடு வாழும் திறன் வேண்டும். அங்கே வெண்கலப் புஷ்ஷுக்கு வெளியே இரண்டு ஆயில் சீல்களை, உட்புறத்தது கிரீஸை வெளியே விடாதபடியும் வெளிப்புறத்தது சேற்றை உள்ளே விடாதபடியும் முதுகோடு முதுகாகப் பொருத்துவர். உள்ளே நெடுக்குவாட்டுப் பள்ளங்கள் கொண்ட ரப்பர்த் தாங்கியைப் போட்டு, ஆற்று நீரையே மசகாக ஓடவிட்டு, மணல் அப்பள்ளங்கள் வழியே கழுவிச் செல்லும்படி அமைப்பது மற்றொரு முறை.

மூன்றாவது பணிதான் வீட்டுக் கட்டமைப்புகளில் பெரிதும் மறக்கப்படுவது. விசிறி படகைத் தள்ளுகிறது என்றால், அத்தள்ளுவிசை தண்டின் வழியாக எங்கேனும் ஓரிடத்தில் படகின் உடலுக்குள் நுழைந்தாக வேண்டும். எடுத்துக்காட்டுப் படகில் 40 முதல் 50 கிலோ எடைக்கு ஈடான அவ்விசை, தடுக்கப்படாவிட்டால் நேராக எஞ்சினின் கிராங்க் தண்டை உள்ளே அழுத்தும். பம்பையும் ஜெனரேட்டரையும் ஓட்டுவதற்காக அமைந்த எஞ்சினின் பேரிங்குகள் பக்கவாட்டுச் சுமைக்கு உரியவையே தவிர, மணிக்கணக்காக நீளவாக்கில் வரும் அழுத்தத்திற்கு உரியவை அல்ல. ஆகவே வாலின் மேல்முனையில், தண்டில் ஒரு படியைக் கடைந்து, அந்தப் படி சாய்ந்துகொள்ளும் தள்ளுவிசைத் தாங்கி ஒன்றைக் குழாயோடு இணைந்த கூட்டுக்குள் அமைத்து, அதற்குப் பிறகே ரப்பர்த் துண்டு வைத்த கப்ளிங்கால் எஞ்சினோடு சேர்க்க வேண்டும். கப்ளிங்கின் ரப்பர், சிறு மையப்பிசகுகளையும் விசிறி கட்டையில் மோதும் அதிர்ச்சியையும் உள்வாங்கிக்கொள்கிறது. அதன்பின் எஞ்சினுக்குச் சுழற்றுவது மட்டுமே வேலை, தள்ளுவதன் சுமை படகின் பின்பலகையைச் சேர்ந்துவிடுகிறது.

விசிறியின் கணக்கு

விசிறியின் அளவை இரண்டு எண்கள் குறிக்கின்றன: ஒன்று இதழ்கள் வரையும் வட்டத்தின் விட்டம்; மற்றொன்று பிட்ச், அதாவது விசிறி ஒரு திருகுபோல் நழுவாமல் துளைத்துச் சென்றால் ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் முன்னேறும் என்னும் அளவு. 12.7 சென்டிமீட்டர் பிட்ச் உள்ள விசிறி 3,600 சுற்றில் மணிக்கு 27 கிலோமீட்டர் முன்னேற வேண்டும். ஆனால் நீர் மரமன்று, விசிறிக்கு விட்டுக்கொடுத்துப் பின்னே நழுவுவது, எனவே படகின் உண்மை வேகம் இதைவிட வெகுவாகக் குறைகிறது. மேலும், நீரை விலக்கிச் செல்லும் படகுக்கு அதன் நீளமே ஒரு வேக வரம்பை விதிக்கிறது: மீட்டரில் நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை நான்கரையால் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டரில் அவ்வரம்பு கிடைக்கும். 4.2 மீட்டர் படகுக்கு அது 9 கிலோமீட்டர் அளவு. தட்டையடியும் குறைந்த சுமையும் இருந்தால் அதைத் தாண்டி 12 கிலோமீட்டரை நெருங்கலாம். 10 சென்டிமீட்டர் பிட்ச் கொண்ட விசிறி இப்படகுக்கு ஏற்றது என்பது இதனால் விளங்குகிறது. பிட்ச் மிகுந்தால் வேகம் கூடும் என்று நம்பிப் பெரிய விசிறியைப் பொருத்தினால், எஞ்சின் திணறி, முழு வேகத்தை எட்ட முடியாமல் சூடேறும்; த்ராட்டிலை முழுதும் திறந்த நிலையில் 3,600 சுற்றை எட்டுகிறதா என்பதே பொருத்தத்தின் அளவுகோல்.

சுழலும் திசையிலும் ஒரு பொறி உண்டு. இவ்வகை எஞ்சின்களின் தண்டு, அதற்கு எதிரே நின்று பார்ப்பவருக்கு இடஞ்சுழியாகச் சுழல்வது வழக்கம். கடைகளில் கிடைக்கும் படகு விசிறிகளில் பெரும்பாலானவையோ பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழல்வதற்காக வார்க்கப்பட்டவை. தண்டு நேரடியாக இணையும் நீள்வாலில் வலஞ்சுழி விசிறியை மாட்டினால் படகு பின்னோக்கி ஓடும், ஆதலால் இடஞ்சுழி விசிறியைக் கேட்டு வாங்க வேண்டும். இதழ்கள் இரண்டே இருப்பது பாசியில் சிக்காமல் நழுவ உதவுகிறது. அலுமினியத்தை மணல் விரைவில் தின்றுவிடுவதால் எஃகோ வெண்கலமோ நெடுநாள் உழைக்கும். விசிறிக்கு மேலே கையகலத் தகடு ஒன்றைக் குழாயில் பற்றவைத்தால், மேற்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சி வெறுமனே சுழலும் போக்கு குறைகிறது. கீழே நீளும் கத்திபோன்ற தகடு, விசிறி தரையில் படும் முன்னரே தான் பட்டு வாலை மேலே தூக்கிவிடுகிறது.

மூட்டும் கைப்பிடியும்

பின்பலகையில் பொருந்தும் மூட்டு இரண்டு அச்சுகளில் திரும்ப வேண்டும்: செங்குத்து முளையில் வால் இடமும் வலமும் திரும்பிப் படகைச் செலுத்துகிறது, கிடைமட்ட முளையில் ஏறி இறங்கி ஆழத்தை மாற்றுகிறது. எஞ்சின் படகின் உட்புறமும் வால் வெளிப்புறமும் நிற்பதால், மூட்டு எங்கே அமைகிறது என்பதே கருவியின் எடையை ஓட்டுபவர் உணர்வதா உணராததா என்பதை முடிவுசெய்கிறது. வால்பக்கம் சற்றே கனமாக இருக்கும்படி சமன்செய்து, கைப்பிடியை ஒரு மீட்டருக்குக் குறையாமல் நீட்டினால், 30 கிலோவுக்கும் மேற்பட்ட கருவியை ஒரு கையால் நீரிலிருந்து தூக்கிவிடலாம். விசிறி தரையைக் குத்தாமல் இருக்க, வால் இறங்கும் அளவைச் சங்கிலியால் வரையறுப்பதும் நல்ல வழக்கம். பின்பலகை வெறும் பலகையாக இருந்தால், இந்த எடையும் தள்ளுவிசையும் அதைப் பிளந்துவிடும். உட்புறம் தடித்த மரக்கட்டையோ எஃகுத் தகடோ வைத்து, முழங்கால் கட்டைகளால் படகின் அடியோடு பிணைக்க வேண்டும்.

சோதனையும் காவலும்

முதல் ஓட்டத்தைக் கரையிலேயே, படகை இரண்டு கயிறுகளால் மரத்தோடு கட்டி நடத்துவது அறிவுடைமை. சில நிமிடங்கள் முழு வேகத்தில் ஓடவிட்டு நிறுத்தி, குழாயை மேலிருந்து கீழாகக் கையால் தடவிப் பார்த்தால், எந்தத் தாங்கி இறுக்கமாக இருக்கிறதோ அங்கே சூடு தெரியும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் குழாய் நடுங்கி, அதற்கு மேலும் கீழும் அமைதியானால், மாறுநிலை வேகம் இன்னும் ஓட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். அதைக் கடந்து ஓட்டிப் பழகிக்கொள்ளாமல், தாங்கிகளின் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

படகுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளிக் காவலின்றிச் சுழலும் விசிறி, இக்கருவியின் மிகப் பெரிய ஆபத்து. கிளட்ச் இல்லாத அமைப்பில் எஞ்சின் உயிர்பெற்ற நொடியிலேயே விசிறியும் சுழலத் தொடங்குவதால், குறைந்த வேகத்தில் தானாகவே விடுபடும் மையவிலக்குக் கிளட்ச் ஒன்றைச் சேர்ப்பது செலவுக்கு ஏற்ற பாதுகாப்பு. ஓட்டுபவர் தவறி நீரில் விழுந்தால் எஞ்சினை உடனே நிறுத்தும் கயிற்றுச் சுவிட்ச் இல்லாமல் இதை ஓட்டக் கூடாது. வேட்டியோ துண்டோ சேலைத் தலைப்போ கப்ளிங்கில் சிக்காதபடி தகரக் கூடு வேண்டும். எஞ்சின் ஓடும்போது வாலைப் படகுக்குள் திருப்புவதும், சூடான சைலன்சருக்கு அருகில் பெட்ரோல் ஊற்றுவதும் உயிரோடு விளையாடுவதாகும். இந்தியாவின் உள்நாட்டு நீர்வழிகளில் எஞ்சின் பொருத்திய கலங்களின் பதிவையும் பாதுகாப்பையும் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் ஒழுங்குபடுத்துவதால், நீரில் இறக்கும் முன் அதன்படி செய்ய வேண்டியவற்றைச் செய்துவிடுவதும் கட்டுபவரின் பொறுப்பு.

ஒழுங்காகக் கட்டிய வாலுக்குப் பிறகு வேண்டியது நாள்தோறும் செய்யும் ஒரே ஒரு பணி. படகைக் கரையேற்றியதும் மேல்முனை நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால், குழாயின் வழியே நகரும் கிரீஸ், அந்த அழுத்தத்தால் சீல்களைக் கடந்து விசிறியின் பக்கத்தில் மெல்ல வெளியேறுகிறது; முதலில் சேற்றுநிறமும் மணலின் நறநறப்பும் கலந்து கருத்து வருவது, சிறிது நேரத்தில் தெளிந்த நிறத்தில் வரத் தொடங்குகிறது. கருத்த கிரீஸ் நாளுக்கு நாள் மிகுந்துவந்தால் கீழ்முனைச் சீல் தேய்ந்துவிட்டது என்று அறிந்து, சிறு செலவில் அதை மாற்றிவிடலாம். கவனிக்காமல் விட்டால் அடுத்துத் தேய்வது புஷ், அதற்கடுத்துத் தண்டு. எஞ்சினின் உடல்நலத்தை அதன் ஒலி சொல்லிவிடும். வாலின் உடல்நலத்தைச் சொல்வது அந்தக் கடைசி விரற்கடை கிரீஸின் நிறம்தான்.